பதினெட்டு சைஸ் அட்டை

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. திருப்பூரில் நாங்கள் குடியிருந்த வளவில் பதினொரு வீடு. பதினொன்றுக்கும் அது தெரியும். ஆனாலும் அறுபத்தொன்பதாம் வருடம் சித்திரையில் நான் போட்ட சத்தத்தைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள், நிறைமாதக்காரிக்கு அத்தனை மூச்சு எங்கிருந்து வந்தது என்று. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அறுபட்டது அவர்கள் வயிறு இல்லை.

என் பெயர் பழனாயி. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் மூத்தவள் மருதம்மாள் பிறக்கும்போது வயிற்றில் குறுக்கே கிடந்தாள். தலை வருவதற்குப் பதிலாகக் கைதான் முதலில் வந்தது. தலைப்பிரசவம் என்பதால் அப்போது அவிநாசியில் என் அம்மா வீட்டில் இருந்தேன். அங்கிருந்து காரில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெரிய உயிரும் சின்ன உயிரும் பிழைத்தோம். அந்த அம்மாவை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பிய நாளில் அவர் கனத்த அட்டை ஒன்றில் இங்கிலீஷில் நிறைய எழுதி, சிலுவை போட்ட ஊதா முத்திரை குத்தி, என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். பத்திரமாக வைக்கணும், அடுத்த பிள்ளைக்கு டாக்டர் கேட்பார்கள் என்று தமக்குத் தெரிந்த தமிழில் இரண்டு தடவை சொன்னார். கட்டிலில் கிடந்த எனக்கும் அது காதில் விழுந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. என் வயிற்றைப் பற்றிய எழுத்து, என்னைத் தாண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று வருடம் கழித்து இரண்டாவது உண்டானேன். அதற்குள் வெள்ளைக்கார அம்மா ஆஸ்பத்திரியை மூடிவிட்டுத் தம் தேசத்துக்கே போய்விட்டார். இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பங்குனி கடைசியில், எட்டு மாதம் முடிகிற சமயம், திருப்பூரிலேயே ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு லேடி டாக்டரிடம் போனேன். தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு இறங்கும் தழும்பைத் தடவிப் பார்த்தார். அட்டை எங்கே என்றுதான் முதலில் கேட்டார்.

தழும்புதான் கண்ணெதிரில் இருக்கிறதே, அட்டை எதற்கு என்று நான் கேட்டேன். டாக்டரம்மா பொறுமைசாலி. மேல்தோலில் அறுத்தது வேறு, உள்ளே கர்ப்பப்பையில் அறுத்தது வேறு என்று விளக்கினார். மேலே நெடுக்காக இருந்தாலும், உள்ளே பையின் அடிப்பக்கத்தில் குறுக்காக அறுத்திருக்கலாம். அப்படியானால் வலி வரட்டும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு தானாகப் பெற விடலாம். பையின் மேல்பக்கத்தில் நெடுக்காக அறுத்திருந்தால் கதை வேறு.

"நெடுக்க அறுத்திருந்தா உனக்கு வலியே வரக் கூடாதும்மா. வலி வந்து பை இறுகினா பழைய தையல் விட்டுடும். நீயும் இருக்க மாட்ட, பிள்ளையும் இருக்காது. வலி வர்றதுக்கு முன்னாடி நாள் குறிச்சு நான் எடுத்துடணும். அதுக்குத்தான் அட்டை. போய் எடுத்துட்டு வா."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிரங்குப் பெட்டியில் இருக்கும் என்றார். பெட்டியைக் கவிழ்த்தேன். கல்யாணப் பட்டு இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, பழனிக்குப் போய்வந்த திருநீற்றுப் பொட்டலம்கூட இருந்தது. அட்டை இல்லை. அலமாரிக்கு மேலே பார் என்றார். பார்த்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் பார் என்றார். அரிசிப் பானைக்குப் பின்னால் யாராவது ஆஸ்பத்திரி அட்டையை வைப்பார்களா? அதையும் பார்த்தேன்.

"இருக்கும் புள்ள. எங்க போயிரும்? நான்தானே வெச்சேன்" என்றார். சோறு தின்னும்போதும் அதையே சொன்னார், படுக்கும்போதும் அதையே சொன்னார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் பத்திரமாக வைத்தேன் என்பார். பத்திரம் என்று திருப்பூரில் ஓர் இடம் இருக்கிறதா என்ன? இப்படியே இரண்டு வாரம் போனது. சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளந்தது. நான் குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் மூச்சு வாங்கும். அந்த நிலையில் வீட்டில் இருந்த இரண்டு அறையையும் ஒன்பது தடவை புரட்டினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிரசவம் பார்க்கப் பொங்கலூரிலிருந்து என் மாமியார் செல்லாத்தாள் வந்திருந்தார். ஏழு பிள்ளை பெற்றவர். ஏழையும் வீட்டுத் தரையில் பாயை விரித்துப் பெற்றவர். முதல் தடவை அவிநாசிக்காரர்கள் அவசரப்பட்டு அறுத்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. அறுத்ததால் மருமகள் மூன்று மாதம் குடம் தூக்கவில்லை என்ற வருத்தமும் உண்டு. பொங்கலூரில் கைராசியான மருத்துவச்சி இருக்கிறாள், சொல்லி அனுப்பினால் வந்துவிடுவாள் என்று தினம் ஒரு தடவை சொல்வார். நான் பெட்டியைக் கவிழ்க்கும்போதெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி, ஒரு காகிதத்திலா பிள்ளை பிறக்கப் போகிறது என்பார்.

எனக்கு என்ன தோன்றும்? இந்த அம்மாதான் எடுத்து ஒளித்திருக்கிறார் என்று தோன்றியது. தோன்றியதை உள்ளே வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. ஒருநாள் காலை, கிணற்றடியில் பத்துப் பெண்கள் நிற்க, கேட்டே விட்டேன். அடுப்பில் போட்டீங்களா, இல்லை சாக்கடையில் போட்டீங்களா, எதுவானாலும் சொல்லிவிடுங்கள், நான் சாவதற்குத் தயாராக வேண்டும் என்றேன்.

மாமியார் பதிலுக்குக் கத்தியிருந்தால் தேவலை. கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். அவிநாசிக் கோயில் இருக்கிற பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "அவனாசியப்பன் மேல ஆணையா நான் அதைக் கண்ணாலயே பார்த்ததில்லீங்க" என்றார். எனக்கு வயதில் இரண்டு மடங்கு மூத்தவர் என்னை 'ங்க' போட்டுப் பேசினார். அதன் பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றைப் போட்டு என் முன்னால் தள்ளுவார், குளிக்கச் சுடுதண்ணீர் விளாவி வைப்பார், ஒரு சொல் வராது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பு செய்தவர் எதற்கு இத்தனை வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

சித்திரை இருபதாம் தேதி என் வீட்டுக்காரர் தூக்குப்போசியை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் கம்பெனி. மத்தியானம் நானே சோற்றை எடுத்துக்கொண்டு போனேன். மாமியாரைப் போகச் சொல்லலாம் என்றால் அவர்தான் என்னோடு பேசுவதில்லையே.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கொட்டகை, எட்டு மிஷின், நடுவில் நீளமாகக் கட்டிங் மேசை. மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, பனியன் வடிவத்தில் வெட்டிய அளவு அட்டையை மேலே வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே பெரிய கத்தரியால் வெட்டுவார்கள். ஒவ்வொரு சைஸுக்கும் ஓர் அட்டை. அத்தனை அட்டையும் சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கும். கல்கத்தாவுக்குக் குழந்தைப் பனியன் போகிற சமயம் அது. என் வீட்டுக்காரர் துணியை நீவிக்கொண்டிருந்தார். போசியை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஃபேன் காற்றில் அட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. கடைசி ஆணியில் இருந்தது சின்ன அட்டை, பதினெட்டு சைஸ், கைக்குழந்தைக்கானது. அது எனக்குத் தெரிந்த அட்டைதான். மருதம்மாளுக்கு ஆறு மாதம் ஆனபோது அவளுக்கென்று இவரே வரைந்த அளவு. அந்தக் கழுத்து வெட்டு அத்தனை அழகாக விழுந்ததால் முதலாளி கிட்டுசாமி அதையே கம்பெனிக்கு வைத்துக்கொண்டார். நாச்சிமுத்து போட்ட கழுத்து என்று கல்கத்தா வரைக்கும் பெயர். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, பொய் சொல்வானேன்.

காற்றில் அட்டை திரும்பியது. பின்பக்கம் முழுக்க நீல மசியில் இங்கிலீஷ். ஓரத்தில் ஊதா முத்திரை, அதில் சிலுவை.

ஸ்டூலிலிருந்து எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஆணியிலிருந்து பிடுங்கி அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கே ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்.

"அட, இதுல இருக்குது பாரு. நான்தான் சொன்னனே, பத்திரமா இருக்கும்னு."

மிஷின்கள் எட்டும் நின்றுவிட்டன. நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத வேண்டாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதை கேள்விப்பட்டிருக்கிறேன். இது குழந்தையை வெட்டிப் பனியன் தைத்துவிட்டுத் தேடின கதை. எதற்கு வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. நல்ல கனத்த அட்டை, மடங்காது, ஓரம் உதிராது, அப்படி ஓர் அட்டை திருப்பூரில் கிடைக்காது என்றார். எழுத்தை ஒன்றும் அழிக்கவில்லை, குப்புறப் போட்டு ஓரத்தைத்தான் வெட்டினேன் என்றார். மூன்று வருடமாகத் தினம் அதைக் கையில் எடுத்திருக்கிறார். வரைந்து முடித்த அன்றோடு அது அவருக்குப் பதினெட்டு சைஸ் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி அட்டை என்பதே மறந்துபோயிருக்கிறது.

கொடுங்கள், டாக்டரிடம் போகிறேன் என்றேன். முதலாளி கையைப் பிசைந்தார். இன்னும் முன்னூறு டஜன் வெட்ட வேண்டும், அந்த அளவு வேறு எங்கும் இல்லை, அட்டை போய்விட்டால் கழுத்து போய்விடும் என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

"சித்தெ பொறு புள்ள. ஒரு காப்பி வரைஞ்சு எடுத்துக்கறேன்" என்றார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் புது அட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். பென்சிலைச் சீவினார். பழையதை அதன் மேல் வைத்து, இரண்டு பக்கமும் கனம் வைத்து, தோள், கை, கழுத்து என்று அங்குலம் அங்குலமாகப் பென்சிலை ஓட்டினார். கழுத்து வளைவில் ஒரு தடவை திருப்தி இல்லாமல் அழித்துவிட்டு மறுபடி போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார், ஐயா. அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு வந்த கோபத்தில் பிள்ளை அங்கேயே பிறந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரும் கூட வந்தார். டாக்டரம்மா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனியன் மாதிரி இருக்கிறதே என்றார். பனியன்தானுங்க என்றேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். என் பெயர் இருந்தது. வயது, தேதி, பிள்ளை குறுக்கே கிடந்தது, கை வெளியே வந்தது, பிள்ளையின் எடை, எல்லாம் இருந்தது. கர்ப்பப்பையில் போட்ட வெட்டு என்று ஒரு வரி தொடங்கியது. அதற்கு மேல் கழுத்து வந்துவிட்டது. அரைவட்டமாக, பிசிறில்லாமல், கல்கத்தா வரைக்கும் பெயர் வாங்கிய கழுத்து. எனக்கு வேண்டிய அந்த ஒரு வரியைத் தின்றுவிட்டு நின்றது.

அந்தத் துண்டு என்ன ஆயிற்று என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார் டாக்டரம்மா. கழிவோடு போயிருக்கும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

தெரியாத பட்சத்தில் மோசமானது என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. பிள்ளை குறுக்கே கிடந்தால் பெரும்பாலும் நெடுக்க அறுப்பதுதான் வழக்கம் என்றும் சொன்னார். வலி வரக் காத்திருக்கக் கூடாது, சித்திரை இருபத்தைந்து அன்றைக்கு வந்து படுத்துவிடு, காலையில் எடுத்துவிடலாம், புருஷன் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்றார். எனக்கு மூச்சு வந்தது. இத்தனை நாளில் ஒரு மனுஷி நேராக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று இருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் பேசா விரதத்தை முடித்துக்கொண்டார். அட்டையை ஒளித்ததாக அவர் மேல் போட்ட பழிக்கு நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. சித்திரையில் ஆண்பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது, குடும்பம் தெருவுக்கு வரும் என்பது ஊரறிந்த பேச்சு.

"தானா வலி கண்டு சித்திரையில பொறந்தா அது சாமி விட்ட வழி. நாமளா நாள் குறிச்சு, சித்திரையிலயே அறுத்து எடுத்து, என்ற பையன் தலையில கல்லைப் போடறதா? அதுக்கு மேல ஆறு நாள் பொறுத்தா வைகாசி. ஒண்ணாந் தேதியே எடுக்கட்டும், நான் வேண்டாங்கலை" என்றார்.

ஆறு நாள். கேட்டவர்களுக்கெல்லாம் அது நியாயமாகவே பட்டது. வளவில் இருந்த பெண்கள், ஆமாங்க, ஆறு நாள்தானே என்றார்கள். கம்பெனி முதலாளிகூட ஆறு நாள்தானே என்று சொல்லி அனுப்பினார். என் வயிற்றுக்கு வைகாசி எப்போது பிறக்கும் என்று தெரியுமா, அது பஞ்சாங்கம் பார்த்துத்தான் வலி எடுக்குமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் போட வாங்க என்று மூன்று நாள் கெஞ்சினேன், நாலாம் நாள் திட்டினேன். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணி என்றால் கண் இமைக்காமல் கத்தரியை வைக்கிற மனுஷன். இதில் மட்டும் கை வரவில்லை. அம்மா சொல்றதுலயும் ஒரு இது இருக்குது புள்ள என்றார். அந்த 'ஒரு இது' என்னவென்று அவருக்கும் தெரியாது. இருபத்தைந்தாம் தேதி வந்தது, போனது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம், அவர் கம்பெனியில் இருந்தார். மருதம்மாளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். முதலில் இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது. மாமியாரிடம் சொன்னேன். அது சூட்டு வலி, சித்திரை வெயிலுக்கு வரும் என்று வெந்தயத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். குடித்தேன். மூன்றாவது பிடி இடுப்பில் இல்லை. தழும்புக்கு உள்ளே, தையல் நூலின் ஒரு முனையைப் பிடித்து யாரோ இழுப்பதுபோல இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன்.

இரு, நாச்சிமுத்துவுக்கு ஆள் அனுப்புகிறேன், அவன் வந்து சொல்லட்டும் என்றார் மாமியார்.

"அவரு வந்து காப்பி வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள நான் செத்துருவேனுங்க அத்தை" என்றேன். கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. கத்தாமல் நான் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவர் என் பக்கத்தில் வந்தார். சேலையை விலக்கி வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். அந்தச் சமயம் நாலாவது வலி வந்தது. ஏழு பெற்ற கை அது; மற்றவர்களுக்கும் எத்தனையோ பார்த்த கை. வயிறு கல்லாக இறுகுவது அதற்குப் பழக்கம்தான். ஆனால் தழும்புக்குக் கீழே ஓர் இடம் இறுகாமல் மெத்தென்று புடைத்தது. அதை அந்தக் கை இதற்கு முன் பார்த்ததில்லை. மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சித்திரை என்று சொல்லவில்லை, வைகாசி என்று சொல்லவில்லை. மருதம்மாளைப் பக்கத்து வீட்டு ரங்காத்தாளிடம் தள்ளி, கம்பெனிக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு தெருமுனைக்கு ஓடினார். திரும்பி வரும்போது குதிரை வண்டியில் வந்தார். வண்டிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே என்னைத் தூக்கி ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார், இருபத்தைந்தாம் தேதி ஏன் வரவில்லை என்று. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேசையைத் தயார் செய்யச் சொன்னார். நர்ஸ் காகிதத்தோடு வந்து, புருஷன் எங்கே, கையெழுத்து வேண்டும் என்றாள். கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறது, வருவார் என்றேன். மாமியார் நர்ஸின் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார்.

"அவனைப் பெத்தவ நானுங்க. அவன் வர்ற வரைக்கும் இந்தப் புள்ள தாங்காது. எங்க வெக்கோணும் சொல்லுங்க" என்று கட்டைவிரலை நீட்டினார். நர்ஸ் அந்த விரலில் மை தடவினாள். எனக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்தது அந்த விரலைத்தான். கிணற்றடியில் பத்துப் பேர் முன்னால் நான் பேசிய பேச்சு அப்போது நினைவுக்கு வந்தது.

பையன் பிறந்தான். சித்திரையில், ஆண்பிள்ளை, அப்பனுக்கு ஆகாதவன். அப்பனுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. என் வாய்க்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஆளாகியிருக்கிறார்.

நான் கண் விழித்த மறுநாள் டாக்டரம்மா கட்டிலோரம் வந்தார். உள்ளே நெடுக்கு வெட்டுதான் என்றார். பழைய தையல் கீழ்முனையில் இரண்டு விரல் அளவுக்கு விட்டுப்போயிருந்தது. மிச்ச இடத்தில் வெங்காயத்தோல் கனத்துக்கு ஒரு சவ்வுதான் நின்றது. பிள்ளையின் தலைமுடி அதன் வழியாகத் தெரிந்தது என்றார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று தொடங்கி, நிறுத்திவிட்டார். மாமியார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அத்தை, நான் அன்னிக்குப் பேசினது தப்புங்க என்றேன். "போச்சாது உடு கண்ணு" என்றார். அவ்வளவுதான். எங்களுக்குள் அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது.

ஆனால் எனக்கு ஒன்று தீரவில்லை. டாக்டரம்மா போகத் திரும்பியபோது சேலையைப் பிடித்து நிறுத்தினேன். அட்டையில் என்ன எழுதப் போகிறீர்களோ அதை எனக்குத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். அதெல்லாம் டாக்டருக்கு எழுதுவது, உனக்குப் புரியாது என்றார். புரிகிற மாதிரி சொல்லுங்கள், அறுத்தது என் வயிறுதானுங்களே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இரண்டு பிள்ளைக்கும் கர்ப்பப்பையின் மேல்பக்கம், நெடுக்கு வெட்டு, ஒரே இடத்தில். நாலரை இஞ்சு நீளம். இனி பிள்ளை வேண்டாம். மீறி உண்டானால் எட்டாம் மாதமே ஆஸ்பத்திரியில் வந்து படுத்துவிட வேண்டும். வலி வரவே கூடாது. ஒரு வாரம் கட்டிலில் கிடந்தேன். அந்த ஒரு வாரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் மாமியாரும் பிள்ளையை ஆட்டிக்கொண்டே அதை ஒப்பித்தார். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகிறது? ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. மூன்று வருடத்துக்கு முன்னால் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால், அட்டையை வெட்டிப் பனியன் என்ன, பட்டம்கூட விட்டிருக்கலாம்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் என் வீட்டுக்காரர் வந்தார். அறுவை நடந்த அன்றைக்குச் செய்தி கேட்டு, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்தாராம். நர்ஸ்தான் வாங்கி வைத்தாளாம். அன்றையிலிருந்து என் கண்ணை நேராகப் பார்க்கவில்லை. டாக்டரம்மா புது அட்டையை எடுத்து வந்து, பழக்கதோஷம், அவரிடம் நீட்டினார். அவரும் பழக்கதோஷம், கையை நீட்டினார். "பொட்டியில பத்திரமா..." என்று தொடங்கினார்.

மாமியார் ஒரு செருமல் செருமினார். நான் எட்டி அட்டையை வாங்கி, பிள்ளைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, குரலே எழும்பாமல், வெட்டு எத்தனை இஞ்சு நீளமுங்க என்று கேட்டார். எங்கள் கல்யாணம் நடந்து ஐந்து வருடம். என் உடம்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"அவங்களை ஏனுங்க கேக்கறீங்க?" என்றேன். "என்னைக் கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கேட்டார். நாலரை என்றேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அவர் அதை அளந்து பிடித்தார். ஸ்கேல் இல்லாமல் பிடித்தாலும் அரை நூல் பிசகாத விரல்கள். மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு, வண்டி வந்துவிட்டது, கிளம்புங்கள் என்றார். என் வீட்டுக்காரர் அந்த விரல்களை மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.